பொது உணவுக் கையிருப்பு: தேவையை அளந்தறியும் முறை

ஒரு நாட்டின் அரசாங்கம் உணவு தானியத்தைத் தன் பொறுப்பில் சேமித்து வைத்தல் வேண்டுமா என்னும் வினாவிற்குப் பெரும்பாலோர் ஒரே சொல்லில் விடை கூறிவிடுவர். பஞ்சத்தை நினைவில் கொண்டோர் 'வேண்டும்' என்பர். கிடங்குகளில் மக்கிப்போன கோதுமையைக் கண்டோர் 'வேண்டா' என்பர். இரு திறத்தாரும் எதனையும் அளந்து பார்த்து இம்முடிவிற்கு வந்தவரல்லர். கையிருப்பின் தேவை, நிலத்தின் பரப்பைப் போலவும் கிணற்றின் ஆழத்தைப் போலவும் அளந்தறியத்தக்க ஒன்றாகும். அவ்வாறு அளக்கும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எடுத்துக்காட்டாகக் கொச்சியையும், அதன் பழைய வாணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியையும் கொள்வோம். பிறர் விளைத்த தானியத்தைக் கொண்டே நெடுங்காலமாக உயிர்வாழும் ஊர் அது. ஆதலால் இவ்வினா அங்கே மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது.

கொச்சி கண்ட பாடம்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பழைய பண்டகசாலைகள் முன்புறம் தெருவையும் பின்புறம் காயலையும் நோக்கி அமைந்தவை. மிளகும் சுக்கும் தேங்காய் எண்ணெயும் அங்கிருந்து புறப்பட்டன. அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. கச்சிக்காரர், குஜராத்தியர், கொங்கணியர், தமிழர் எனப் பல திறத்தார் அவ்வாணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். கொச்சிச் சீமையின் மண் தென்னைக்கும் மிளகிற்கும் ஏற்றது. கடலோரத்து உவர் நிலங்களிலோ ஆண்டிற்கு ஒருமுறை மழைக்காலத்தில் மட்டும் பொக்காளி என்னும் நெல் விளைந்தது. ஆகவே, கொச்சி இராச்சியமும் அதன் தெற்கே இருந்த திருவிதாங்கூர் இராச்சியமும் தமக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே பெற்றன. அதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பல் வழியாக வந்தது.

இவ்வேற்பாடு அறியாமையால் நேர்ந்ததன்று. தன் நிலத்தில் நன்கு விளைவதை விற்று, பிறர் நிலத்தில் மலிவாக விளைவதை வாங்குவது இலாபமே. கப்பல் தவறாது வரும்வரை அதில் குறை காண இயலாது.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றிற்று. பர்மா அரிசி முற்றிலும் நின்றது. அந்நாளில் இந்தியா முழுவதும் உண்ட அரிசியில் பர்மா அரிசி ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கேயாகும். எனவே நாடு முழுவதற்குமான கணக்கை மட்டும் நோக்கியவர்க்கு இழப்பு சிறிதாகத் தோன்றியது. கொச்சியிலும் திருவிதாங்கூரிலுமோ அடுப்பில் ஏறும் அரிசியில் பெரும்பகுதியே மறைந்தது. போர்த் தளவாடங்களின் போக்குவரத்தால் இரயில் வண்டிகளுக்கும் அப்போது பெருந்தட்டுப்பாடு. வட இந்தியாவில் தானியம் இருப்பினும், அது தென்கோடிக்கு வந்துசேர வழியும் நாளும் வேண்டியிருந்தன.

அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெரும்பஞ்சம் மூண்டது. அதில் மாண்டோர் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் எனப் பிற்கால ஆய்வாளர் பலர் கணக்கிட்டுள்ளனர். கொச்சியும் திருவிதாங்கூரும் நகரத்தார்க்கு மட்டுமன்றிக் கிராமத்தார்க்கும் பங்கீட்டு முறையை விரிவுபடுத்தி, வந்த சிறிதளவு தானியத்தை எல்லாருக்கும் பகிர்ந்தளித்தன. அதனால் வங்காளத்தில் நேர்ந்தது போன்ற பேரழிவு தவிர்ந்தது. எனினும் துன்பம் நேராமலில்லை. சேர்த்தலை போன்ற கடலோரத் தாலுக்காக்களில் கயிறு திரித்துப் பிழைத்த ஏழை மக்கள் பசியாலும், பசியைத் தொடர்ந்த நோயாலும் பெரிதும் வாடினர்.

1943இல் அமைக்கப்பட்ட உணவு தானியக் கொள்கைக் குழு, மத்திய அரசாங்கம் 5 இலட்சம் டன் தானியத்தைக் கையிருப்பாகக் கொள்ளுதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பொதுக் கையிருப்பு என்னும் கருத்து இந்நாட்டில் வேரூன்றியது அக்காலத்தேயாம்.

கையிருப்பின் உண்மைப் பயன்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து ஓர் அடிப்படை உண்மை பெறப்படும். கையிருப்பு ஒரு நாட்டின் உணவுக் குறையை நிலையாக நிரப்பவல்லது அன்று. அதனை நிரப்ப வல்லவை புதிய விளைச்சலும் புதிய வரவுமேயாம். அவை வந்து சேரும் வரை மக்களைக் காப்பதே கையிருப்பின் தொழில். சுருங்கக் கூறின், கிடங்கில் நாம் அடுக்கி வைப்பது தானியமாயினும், அதனால் நாம் பெறுவது காலமாகும். ஆதலின் கையிருப்பை அளக்கும்போது, 'எத்தனை டன்?' என்று கேட்பதற்கு முன்னர், 'எத்தனை நாள்?' என்று கேட்டல் வேண்டும்.

இவ்வளவையைச் செய்வதற்கு ஐந்து வினாக்கள் போதும்.

1. எவ்வளவு குறையக்கூடும்? எங்கே?

நாட்டின் சராசரி, ஊரின் நிலையை மறைத்துவிடும் என்பதைப் பர்மா அரிசி காட்டிற்று. ஆகவே விளைச்சற் குறையை நாட்டிற்கும் வட்டாரத்திற்கும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும்.

நாட்டளவில் நோக்கின், 1964-65இல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் ஏறக்குறைய 894 இலட்சம் டன். பருவமழை பொய்த்த 1965-66இல் அது 723 இலட்சம் டன்னாகக் குறைந்தது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கடுத்த ஆண்டிலும் விளைச்சல் தேறவில்லை. ஒரே ஆண்டின் வறட்சிக்கென அளந்து வைத்த கையிருப்பு, அடுத்தடுத்து வரும் இரண்டு வறட்சிகளுக்குப் போதாது என்பது இதனால் விளங்கும்.

வட்டார அளவில் நோக்கின், இன்றைய கேரளத்தின் நிலை மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1974-75இல் ஏறக்குறைய 8.8 இலட்சம் எக்டேராக இருந்த நெல் பரப்பு, பின்னர் ஏறக்குறைய 2 இலட்சம் எக்டேராகச் சுருங்கிற்று. மாநிலத்தின் அரிசித் தேவை ஆண்டிற்கு 40 இலட்சம் டன் அளவினது. அங்கேயே விளைவது அதில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியது ஆந்திரம், பஞ்சாப் முதலிய பிற மாநிலங்களிலிருந்து வருகின்றது.

2. மாற்றுத் தானியம் வந்துசேர எத்தனை நாள் செல்லும்?

ஆண்டிற்கு 40 இலட்சம் டன் எனின் நாளொன்றுக்கு ஏறக்குறைய 11,000 டன் ஆகும். தானியம் ஏற்றும் முழுச் சரக்கு இரயில் ஒன்று சுமார் 2,600 டன் கொள்ளும். எனவே கேரள மக்கள் ஒரு நாளில் உண்ணும் அரிசி நான்கு சரக்கு இரயில்களை நிரப்பும். இக்கணக்கை மாணவர் மனத்திற் பதிய வைத்தால், இருப்புப் பாதை பத்து நாள் தடைப்படுவதன் பொருள் என்ன என்பதை அவர்கள் தாமே உணர்வர்.

இதனையே ஒரு சிற்றளவில் போட்டுப் பார்ப்போம். கொச்சி நகரின் ஒரு பகுதியில் 1 இலட்சம் மக்கள் வாழ்வதாகக் கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 320 கிராம் அரிசி எனின், நாள் தேவை 32 டன். அருகில் விளைவது 5 டன் எனக் கொண்டால் வெளியிலிருந்து வரவேண்டியது 27 டன். இப்பகுதிக்கு இரு வகை இடர் நேரலாம்.

முதலாவது, வெள்ளத்தாலோ வேறு காரணத்தாலோ வழி முற்றும் அடைபடுதல். பத்து நாளில் வழி திறக்குமெனின், 27ஐப் பத்தால் பெருக்க, 270 டன் வேண்டும்.

இரண்டாவது, தானியம் அனுப்பும் மாநிலத்தில் விளைச்சல் குன்றி, வரவு ஐந்தில் ஒரு பங்கு குறைதல். அப்போது நாட்குறை 5.4 டன்னே. ஆனால் வேறிடத்தில் வாங்கி வரவழைக்க 60 நாள் செல்லுமெனின், 324 டன் வேண்டும்.

வழி முற்றும் அடைபடுவதே பேரிடராகத் தோன்றினும், நெடுநாள் நீடிக்கும் சிறு குறை அதைவிட மிகுந்த தானியத்தை வேண்டுகின்றது. இவ்விரு இடர்களும் ஒருங்கே நேரக்கூடுமெனின் இரண்டையும் கூட்டிக்கொள்ளுதல் வேண்டும். நேராவெனின் பெரியதைக் கொண்டாற் போதும். பத்து நாளை ஐந்து நாளாக்கும் ஒரு நல்ல பாலமும், அறுபது நாளை முப்பது நாளாக்கும் ஒரு முன்னேற்பாடான கொள்முதல் ஒப்பந்தமும் கையிருப்பின் தேவையைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதும் இக்கணக்கினின்று புலனாகும்.

3. வணிகர் இருப்பு வைப்பரா?

தானியத்தைச் சேமிப்பது அரசாங்கம் ஒன்றே அன்று. உழவன் வீட்டுக் குதிரிலும் வணிகன் பண்டகசாலையிலும் எப்போதும் தானியம் உண்டு. அறுவடைக் காலத்தில் வாங்கி, ஆறு மாதம் கழித்து விற்பது வணிகரின் வழக்கமான தொழில். இடைக்காலத்து வட்டியும் கிடங்கு வாடகையும் கழிவும் போக மிச்சம் கிட்டுமாயின் அவர் அதனைத் தாமே செய்வர். இதற்கு அரசாங்கக் கிடங்கு வேண்டியதில்லை.

ஆனால் இருபது ஆண்டிற்கு ஒருமுறை நேரும் பெருங்குறைக்காக எந்த வணிகரும் பத்தொன்பது ஆண்டு தானியத்தைக் காத்திருக்கமாட்டார். மேலும், அத்தகைய குறை நேருங்காலத்தில் அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தும். இருப்பிற்கு வரம்பு விதிக்கும். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் இதற்கு அதிகாரம் அளிக்கின்றது. ஏழை மக்களைக் காக்க அது வேண்டற்பாலதே. எனினும் அதன் விளைவு யாது? பேரிடர்க் காலத்தில் இலாபம் கிட்டாது என்று அறிந்த வணிகர் அதற்கென இருப்பு வைக்கார். ஆகவே, நெருக்கடியில் விலைக்குக் கடிவாளமிடக் கருதும் அரசாங்கம், அந்நெருக்கடிக்கான இருப்பைத் தானே வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டது.

மட்டாஞ்சேரியில் 1957இல் மிளகிற்கு முன்பேர வாணிகச் சந்தை ஏற்பட்டது. மிளகு விலை ஏறுவதையும் இறங்குவதையும் வணிகரே தமக்குள் தாங்கிக்கொள்ள அது வழி செய்தது. மிளகிற்கு அது போதும். மிளகு கிட்டாமல் யாரும் மாள்வதில்லை. அரிசியோ அத்தகையதன்று. எப்பொருளுக்குப் பொதுக் கையிருப்பு வேண்டும், எதற்கு வேண்டா என்பதைப் பகுத்தறிய இவ்வேற்றுமை துணைசெய்யும்.

4. வேண்டும்போது அயல்நாட்டில் வாங்க இயலுமா?

அந்நியச் செலாவணி மிகுதியாக உடைய நாடு, தானியத்திற்கு மாறாகப் பணத்தையே கையிருப்பாகக் கொள்ளலாம். சிங்கப்பூர் நெல் விளைக்காத நாடு. அங்கே அரிசி இறக்குமதி செய்வோர் தத்தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கு அரிசியை எப்போதும் இருப்பில் வைத்தல் வேண்டும் என்று அரசாங்கம் விதித்துள்ளது. வணிகரின் தானியம், அரசாங்கத்தின் கட்டளை எனும் இம்முறையால் அரசாங்கத்தின் செலவு குறைகின்றது.

எனினும் பணம் உணவாவது பிறர் விற்க முன்வரும்போது மட்டுமே. 2007-08இல் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் இரு மடங்கிற்கு மேல் ஏறிற்று. இந்தியா உட்படச் சில ஏற்றுமதி நாடுகள் தத்தம் மக்களை எண்ணி ஏற்றுமதியைத் தடுத்தன. வாங்குவோர் அனைவரும் ஒரே நாளில் வாங்கப் புகுந்ததால் விலை மேலும் ஏறிற்று. மேலும், இந்தியா போன்ற பெருநாடு உலகச் சந்தையில் வாங்கப் புகுவதே விலையை ஏற்றிவிடும். இத்தகைய நாடு, சிறு நாடுகளைக் காட்டிலும் தன் கையிருப்பையே மிகுதியாக நம்பியிருத்தல் வேண்டும்.

1966இல் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியத்தை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்னும் திட்டத்தின்கீழ் வந்தது. ஒரு நாட்டின் அடுத்த மாத உணவு பிறிதொரு நாட்டின் முடிவைப் பொறுத்திருப்பது எத்தகைய இடர் என்பதை அக்கால ஆட்சியாளர் நன்கு உணர்ந்தனர். 1965 சனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டதும், அதன் முதல் மாவட்ட அலுவலகம் நெற்களஞ்சியமாகிய தஞ்சாவூரில் அமைந்ததும் குறிப்பிடத்தக்கன.

5. காப்பதற்கு என்ன செலவு? உரியவரிடம் சேருமா?

தானியம் உயிர்ப்பொருள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுற்றுக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 ஆயின், அரிசியின் ஈரம் நூற்றுக்கு 13 அல்லது 14 அளவில் நிலைகொள்ளும். கொச்சியின் மழைக்காலத்துக் காற்றோ அதனினும் ஈரமுடையது. ஈரம் மிகின் பூஞ்சணம் படரும், கூன்வண்டு பெருகும். ஆகவே மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின்மீது அடுக்குதல், உலர்ந்த நாளில் காற்றோட்டம் தருதல், காலந்தோறும் புகையூட்டிப் பூச்சிகளை அழித்தல் ஆகியன இன்றியமையாதன. இவற்றோடு வட்டியும் வாடகையும் கூலியும் சேரும். இத்தனையும் செய்தும் பழைய அரிசியை ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல் இயலாது. முன் வந்தது முன் செல்லவேண்டும். அதற்கு ஓயாது தானியத்தை எடுத்து விநியோகிக்கும் வாயில் ஒன்று வேண்டும். பங்கீட்டுக் கடைகளே அவ்வாயில். கேரளத்தில் இத்தகைய கடைகள் ஏறக்குறைய 14,000 உள்ளன.

கையிருப்பு மிகுதியாவதும் தீங்கே. 2002 சூலையில் நாட்டின் பொதுக் கையிருப்பு 630 இலட்சம் டன். அப்போது விதிக்கப்பட்டிருந்த அளவோ 243 இலட்சம் டன். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. முந்திய ஆண்டு 2,129 இலட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 1,748 இலட்சம் டன்னாகக் குறைந்தது. 1966இல் நேர்ந்தது போன்ற பேரிறக்குமதி அப்போது தேவைப்படவில்லை. இது கையிருப்பின் நன்மை. ஆயினும், அதற்கு முந்திய ஆண்டிலேயே, கிடங்குகள் நிறைந்திருக்க மக்கள் பசியால் வாடுகின்றனர் என்னும் முறையீடு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதுவும் மறக்கற்பாலதன்று. பஞ்சத்தில் மாள்வோர் தானியம் இன்மையால் மட்டும் மாள்வதில்லை. அதனை வாங்கும் ஆற்றல் இன்மையாலும் மாள்கின்றனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து இதனை விளக்கியுள்ளார். வாங்க இயலாதவரிடம் சேராத தானியத்தைக் கையிருப்பெனக் கணக்கில் ஏற்றுதல் பயனற்றது.

அளவையின் முடிவு

இவ்வைந்து வினாக்களையும் இந்தியாவிற்குப் பொருத்தினால் விடை தெளிவாகும். விளைச்சற் குறை பெரிதாக நேரக்கூடும். அது ஈராண்டு தொடரவும் கூடும். உலகச் சந்தை எப்போதும் கைகொடாது. பேரிடருக்கு வணிகர் இருப்பு வையார். வாங்கும் ஆற்றல் அற்றோர் பலர். ஆகவே பொதுக் கையிருப்பு வேண்டும். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு.

2015 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஏப்ரல் முதல் நாளில் 210.40 இலட்சம் டன்னும், கோதுமை அறுவடை முடிந்த பின் சூலை முதல் நாளில் 411.20 இலட்சம் டன்னும் இருத்தல் வேண்டும். இதில் பெரும்பகுதி பங்கீட்டுக் கடைகளுக்கு மாதந்தோறும் செல்வதற்கான நடைமுறைக் கையிருப்பு. இடருக்கென்றே ஒதுக்கப்பட்டது 30 இலட்சம் டன் கோதுமையும் 20 இலட்சம் டன் அரிசியும், ஆக 50 இலட்சம் டன். இது பேரளவாகத் தோன்றலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 80 கோடி மக்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ எனக் கணக்கிட்டால், ஒரு மாதத் தேவையே 40 இலட்சம் டன். ஆகவே அவ்வொதுக்கு ஐந்து வாரத்திற்குச் சற்றே மேல் வரும். டன் கணக்கில் மலையெனத் தோன்றுவது, நாட்கணக்கில் சிறு கால இடைவெளியே ஆகின்றது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கது

நாட்டிற்கான கணக்கை அரசாங்கம் போடும். வட்டாரத்தின் கணக்கு அவ்வட்டாரத்தில் பணிபுரிவோர்க்கே துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு களப்பணியாளரும் தம் பகுதியைப் பற்றி நான்கு எண்களைக் குறித்து வைத்தல் நலம்: நாள் ஒன்றுக்கு வேண்டும் தானியம் எவ்வளவு, அதில் அங்கேயே விளைவது எவ்வளவு, கடைகளிலும் கிடங்குகளிலும் வழக்கமாக இருப்பது எத்தனை நாளைக்குப் போதும், வழி அடைபட்டால் மாற்று வழியில் தானியம் வந்துசேர எத்தனை நாள் செல்லும். மூன்றாம் எண் நான்காம் எண்ணினும் சிறிதாக உள்ள பகுதி இடருக்கு உட்பட்டது. மழைக்காலத்திற்கு முன்னரே அங்கே இருப்பை உயர்த்துமாறு மேலிடத்திற்கு எழுதுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனையே வகுப்பில் ஒரு கணக்காக அமைக்கலாம். மாணவர் தத்தம் வீட்டில் வாரந்தோறும் செலவாகும் அரிசியையும், அவ்வரிசி எவ்வூரிலிருந்து வந்தது என்பதையும் கேட்டறிந்து வரட்டும். அவற்றைக் கூட்டி, ஊருக்குரிய நாள் தேவையைக் கணிக்கட்டும். தம் வீட்டுப் பானைச் சோறு எத்தனை பாலங்களையும் எத்தனை இரயில்களையும் கடந்து வந்தது என்று அறிந்த மாணவன், பொதுக் கையிருப்பைப் பற்றிய செய்தியைப் பிற்காலத்தில் படிக்கும்போது, 'எத்தனை டன்?' என்று மட்டும் கேட்டு நில்லான். 'எத்தனை நாளைக்கு, யாருக்கு?' என்றும் கேட்பான்.